கொடுவாவுக்கு வாங்கிய கோல்

என் கையெழுத்து கோழி கிளறிப் போட்ட மாதிரி இருக்கும். செஞ்சியில் ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. ல, ள, ழ மூன்றும் எனக்கு இன்றைக்கும் ஒரே எழுத்துதான். மகள் உட்கார்ந்து பிழை திருத்தியிருக்கிறாள். அதற்குப் பிறகும் கண்ணில் படும் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுத்துக்கு மட்டும்தான் மன்னிப்பு கேட்கிறேன். எழுதியிருக்கும் விஷயத்துக்குக் கேட்க மாட்டேன்.

நான் மீன் குஞ்சுப் பண்ணையில் வேலை பார்த்தவன். போன வருஷம் பண்ணை கைமாறியது. ஐம்பது தாண்டியவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது அங்கே இருக்கும் பையன்களிடம் ஆளுக்கு மூன்று தூண்டில் கோல் இருக்கிறது. விராலுக்கு ஒன்று, கெண்டைக்கு ஒன்று, கொடுவாவுக்கு ஒன்று. சைக்கிளில் வீட்டுக்கு வந்திருந்தார்கள்.

"இன்னா அண்ணே, ஒரே கோல வெச்சிக்கினு அத்தினி மீனும் புடிச்சீங்களாமே? கத உடாதீங்க" என்றான் ஒருவன்.

"அவுரு புடிக்கல. மீனுதான் பாவம் பாத்து வந்து குந்திக்கிச்சி" என்றான் இன்னொருவன்.

ஆள் எதிரில் நின்றால் எனக்குப் பேச்சு வராது, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அவர்கள் தெருமுனை திரும்பிய பிறகு எல்லாப் பதிலும் வரிசையாக வந்தது. அதைத்தான் எழுதுகிறேன். எல்லா மீனுக்கும் ஒரே கோல் போதும், தூண்டில் நரம்பைச் சுற்ற ஒரே ராட்டை போதும். நான் சொல்வது தப்பென்றால் என் வாயால் ஒப்புக்கொள்ள வைத்துப் பாருங்கள்.

பண்ணைக் குளம் சிங்கவரம் போகிற வழியில், மலை அடிவாரத்தில் இருக்கிறது. ஏரி என்றே சொல்லலாம், அவ்வளவு பெரிது. முதலாளியின் அப்பா வெட்டியது. குளத்து மதகின் பக்கத்துச் சின்னத் தூம்பு வழியாகக் கீழே இருக்கும் வயல்களுக்குத் தண்ணீர் விடுவார்கள்; பெரிய மதகைத் தூக்கினால் குளமே காலியாகிவிடும். அதற்குப் பத்திரம், பட்டயம் எதுவும் கிடையாது. பெரியவர் விட்டார், பிள்ளையும் விட்டார், அவ்வளவுதான். குளத்தின் நடுவில் பாறைகள் உண்டு. மலையிலிருந்து என்றைக்கோ உருண்டவை. எங்கள் ஊரில் கல் இல்லாத இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

நைனா, அதுதான் என் அப்பா, வீச்சு வலைக்காரர். அவரோடு வலை தூக்கி, பிறகு தனியாக வீசி, பிறகு பண்ணையில் வலையாளாகச் சேர்ந்தேன். இதற்குள் பதினைந்து வருஷம் போய்விட்டது. அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. வலையின் கடைசி முனையைத்தான் எப்போதும் பிடிப்பேன். அங்கே நின்றால் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள்.

எங்கள் சூப்பர்வைசர் சவரிநாதன். புதுச்சேரிக்காரர். அங்கே பிரெஞ்சுக்காரர்கள் இருந்த காலத்தில் அவர்களோடு படகில் தூண்டில் போடப் போனவர். யாரையும் அதட்ட மாட்டார். அதைவிட மோசமான பழக்கம் ஒன்று அவரிடம் இருந்தது. ஒரு கேள்வி கேட்பார். கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையால் துடைக்க ஆரம்பிப்பார். பதில் வரும்வரை துடைத்துக்கொண்டே இருப்பார். அவர் எதிரில் பொய் சொன்னவனை நான் பார்த்ததில்லை. பேசத் தெரியாத என் வாயிலிருந்துகூட அந்தக் கண்ணாடி வார்த்தையைப் பிடுங்கிவிடும்.

ஒரு வருஷம் மரக்காணம் கழிமுகத்திலிருந்து மடவைக் குஞ்சு வாங்கிவந்து குளத்தில் விட்டோம். அடுத்த வருஷம் கெண்டைக் குஞ்சுகள் குறைய ஆரம்பித்தன. விட்டதில் பாதிகூட வலையில் வரவில்லை. திருட்டு என்று நினைத்துக் காவல் போட்டோம். ஒருநாள் காலை பெரிய வலை இழுக்கும்போது, கரைக்குக் கிட்டத்தில், முழங்கையைவிட நீளமான ஒரு மீன் வெள்ளிப் பாத்திரம் மாதிரி மின்னிக்கொண்டு எழும்பி, வலைக்கு மேலே தாண்டி அந்தப் பக்கம் விழுந்தது. எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம்.

"கொடுவா" என்றார் சவரிநாதன். "மடவைக் குஞ்சோட கலந்து வந்திருக்குது. இத்தினி நாளா நம்ம குஞ்சத் தின்னுட்டு வளந்திருக்குது."

கொடுவா உப்பங்கழி மீன். நல்ல தண்ணீரிலும் வளரும். வலையைக் கண்டால் தாண்டும், இல்லாவிட்டால் பாறை இடுக்கில் போய் நிற்கும். அதற்குப் பிறகு எத்தனை வலை போட்டும் பாறையில் மாட்டிக் கிழிந்ததுதான் மிச்சம். ஒரு மீன்தானா, இன்னும் இருக்கிறதா என்றும் தெரியவில்லை.

முதலாளி வந்து பார்த்தார். "குளத்தத் தொறந்து உட்டுடுங்க. தர தெரிஞ்சா மீனும் தெரியும்" என்றார்.

அப்போது மாசி மாதம். கீழே நவரை நெல் கதிர் வாங்குகிற சமயம். குளம் காலியானால் வயல் அதோடு முடிந்தது. கிணறு உள்ளவர்கள் அங்கே யாரும் இல்லை. கடலைக்கொல்லையாக இருந்தால்கூட ஒரு மழையை நம்பிக் காத்திருக்கலாம். கதிர் வாங்கும் நெல் யாருக்காகவும் காத்திருக்காது.

சவரிநாதன் கண்ணாடியைத் துடைத்தார். முதலாளியிடமும் அதே பழக்கம்தான். பிறகு, "தூண்டில்ல எடுத்துடலாம் முதலாளி. நல்ல ஸ்பின்னிங் ராடு ஒண்ணு வாங்கணும்" என்றார்.

"ஸ்பின்னிங்கா? நூல் நூக்கறதுக்கு மில்லு வெச்சா நடத்தறேன்?"

"சுத்தற ராட்டை வெச்ச தூண்டி முதலாளி."

"ஒண்ணே ஒண்ணு வாங்கு. பங்குனி பொறக்கறதுக்குள்ள மீன் வரணும். வரலன்னா மதகு தொறக்கும்."

அன்றிலிருந்து எங்கள் பண்ணையில் அதற்கு ராட்டைக் கோல் என்று பெயர்.

புதுச்சேரிக்கு என்னையும் கூட்டிப்போனார். கடைக்காரர் மூன்று கோல்களை மேசைமேல் வைத்தார். முதலாவது ஒன்பது அடி, கடற்கரையில் நின்று போடுவது, கட்டை விரல் பருமன். இரண்டாவது ஐந்தடி, ஈர்க்குச்சி மாதிரி. மூன்றாவது இரண்டுக்கும் நடுவில், ஆறரை அடி. ஃபைபர் என்கிற கண்ணாடி நாரில் செய்தது, நடுவில் கழற்றி மாட்டுவது. சவரிநாதன் ஒன்பது அடிக் கோலைக் கையில் எடுத்தார். கொடுவாவின் பலம் அவருக்குத் தெரியும். அவர் யோசனையிலும் தவறில்லை.

"ஏழுமலை, உனக்கு எது?" என்று கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நடுவுல இருக்கறது."

"ஏன்?"

நான் நின்றேன். அவர் துடைத்தார். கடைசியில் வந்துவிட்டது. "நம்ம கரையில கருவேல மரம். ஒம்போது அடியத் தூக்கிச் சுத்தனா மரத்துல மாட்டும். இந்தக் குச்சி வளையும், ஆனா பாறைப் பக்கம் ஓடற மீனத் திருப்பாது. அப்பறம், கொடுவா வந்த பின்னாடி இந்தக் கோல இன்னா பண்றது? தாமர இலைக்குள்ள இருந்து விரால் எடுக்கணும். குஞ்சு எடுக்கற தாய்மீனு, வாய் கிழியக் கூடாது. கெண்டையும் எடுக்கணும். முதலாளி ஒண்ணுதான் சொன்னாரு."

கடைக்காரர் சிரித்தார். "எல்லாத்துக்கும் ஒரே கோலா? அப்ப ஒண்ணுத்துக்கும் ஆவாது. மூணும் வாங்கிக்கினு போங்க."

"எங்களுக்கு ஒண்ணுதான்" என்றேன் நான். முன்பின் தெரியாத ஆளிடம் நான் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. காது சூடாகிவிட்டது.

தம்பிகளே, கோல் எப்படிப் பார்ப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், நாங்கள் பார்த்தது இப்படித்தான். நரம்பை எல்லா வளையத்திலும் கோர்த்து, கடையின் ஒரு கிலோ படிக்கல்லைக் கட்டித் தூக்கினேன். நுனி நன்றாக வளைய வேண்டும், நடுவில் கொஞ்சம், பிடிக்குமேல் வளையவே கூடாது. மூன்றாவது கோல் அப்படித்தான் நின்றது. நுனி மீனை ஏமாற்றுவதற்கு, அடி மீனை இழுப்பதற்கு. இரண்டும் ஒரே கோலில் இருந்தால் அது எல்லாவற்றுக்கும் ஆகும் கோல்.

ராட்டையைச் சவரிநாதன் பார்த்தார். அது அவர் வித்தை. புதுச்சேரி வழக்கப்படி அதை மூலினே என்பார். கைப்பிடியைச் சுற்றி, நரம்பை மடக்கும் கம்பி 'டக்' என்று ஒரே சத்தத்தில் விழுகிறதா என்று காதை வைத்துக் கேட்டார். பிறகு பிரேக் திருகைப் பாதி இறுக்கி, நரம்பை என் கையில் கொடுத்து நடக்கச் சொன்னார். நான் கடைக்கு வெளியே தெரு வரைக்கும் நடந்தேன். "வெட்டி வெட்டி வருதா, ஒரே சீரா வருதா?" என்று உள்ளேயிருந்து கத்தினார். முதல் ராட்டை வெட்டி வெட்டி வந்தது. அது வேண்டாம் என்றார். அப்படி வெட்டுகிற இடத்தில்தான் நரம்பு அறும். இரண்டாவது ராட்டை வெண்ணெயில் கத்தி இறங்குவது மாதிரி வந்தது. அதைக் கோலில் மாட்டி, ராட்டைக் காலுக்கு முன்னால் ஒரு விரலை வைத்துத் தூக்கினார். கோல் எந்தப் பக்கமும் சாயவில்லை. "நாள் பூரா புடிச்சாலும் கை வலிக்காது. எடுத்துக்க" என்றார். நாள் பூராப் பிடிக்க வேண்டிவரும் என்று அப்போது இரண்டு பேருக்கும் தெரியாது.

முள்ளும் அங்கேயே வாங்கிக்கொண்டோம். செஞ்சியில் நயினார் கடையில் எல்லா இரும்புச் சாமானும் கிடைக்கும், தூண்டில் முள் மட்டும் கிடைக்காது. நயினார்கள் சமண மதத்தார், உயிர்க்கொலைக்கு ஆகிற பொருளை விற்க மாட்டார்கள். ராட்டைக்கு எண்ணெய் கேட்டுப் போனபோது, "சைக்கிள் எண்ணெதான, ஊத்தறேன். எதுக்குன்னு மட்டும் சொல்லாத" என்றார் நயினார். விராலுக்கு இரையாகப் போலித் தவளை செய்ய அவர் கடையில் பழைய சைக்கிள் டியூப் கேட்டபோதும் அதே பேச்சுத்தான்.

சின்ன மீன் மாதிரி மின்னும் தகட்டில் முள்ளைக் கட்டி வீசினோம், கொடுவா அதற்கு வந்தது. குண்டூசி முனையளவுகூட அசையாமல் மதகுக்கு எதிரில் ஆழத்தில் நிற்கும், மின்னும் தகடு பக்கத்தில் போனால் ஒரே அடி. முதல் தடவை அடித்தபோது எழும்பித் தலையை உதறியது. நரம்பு கத்தியால் அறுத்தது மாதிரி போய்விட்டது. செவுள் மூடியில் ஒரு விளிம்பு உண்டு, அதுதான் அறுத்தது என்றார் சவரிநாதன். கடைசி ஒரு முழத்துக்கு நரம்பை இரட்டையாக முறுக்கிக் கட்டச் சொன்னார். கட்டினேன். ஆனால் சூடுபட்ட மீன் திரும்ப வாயைத் திறக்கவில்லை. மாசி தீர்ந்துகொண்டே வந்தது.

அந்தச் சமயத்தில்தான் அலமேலு வந்தாள். மதகுக்குக் கீழே முதல் வயல் அவளுடையது. புருஷன் இல்லை, தானே ஏர் பூட்டுவாள். பின்னால் ஏழெட்டுப் பேர். கையில் புதிதாக அடித்த கொடுவாள் ஒன்று, பிடிகூட இன்னும் வெள்ளையாக இருந்தது. நேராகச் சவரிநாதனிடம் நீட்டினாள்.

"ஐயா, உங்க கொடுவா ஒண்ணு தண்ணில வுழுந்துடுச்சாமே. அதத் தேடறதுக்குக் கொளத்தையே தொறக்கப் போறீங்களாம். இந்தாங்க, புச்சு. செஞ்சி ஆசாரிகிட்ட நேத்து அடிச்சிக்கினு வந்தது. அதுக்குப் பதிலா இத வெச்சிக்கினு மதக மூடியே வையுங்க."

வலையாட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எங்கள் பக்கத்தில் கொடுவாளையும் கொடுவா என்றுதான் சொல்வோம். கடல் மீனை அவள் எங்கே பார்த்தாள்? நான் சிரிக்கவில்லை. அந்த வார்த்தையை நான் எழுதினாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

சவரிநாதனும் சிரிக்கவில்லை. கொடுவாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "தண்ணில இருக்கறது கத்தி இல்லம்மா. மீனு. மீனுக்கும் அதான் பேரு" என்றார்.

அலமேலு குளத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"மீனா?"

"ஆமாம்மா."

"கத்தின்னாகூட மனசு ஆறியிருக்கும். இரும்பு, நாளைக்கு ஒதவும். ஒரு மீனுக்கா எங்க கதிரு?"

சவரிநாதன் கண்ணாடியைக்கூடத் துடைக்கவில்லை. அவள் என் பக்கம் திரும்பி, "புடிக்கறது நீங்கதானா அண்ணே?" என்றாள். தலையை ஆட்டினேன். "சாப்டீங்களா? சாப்டுட்டுத் தெம்பாப் புடிங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். கொடுவாளைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

பங்குனி பிறந்தது. மீன் வரவில்லை. முதலாளி ஜீப்பில் வந்தார். நான் மதகுக் கல்லின்மேல் உட்கார்ந்து உயிர்மீன் கோர்த்துத் தூண்டில் போட்டிருந்தேன். கொடுவா நிற்கும் இடம் அதற்கு நேர் எதிரில். மதகைத் தூக்கும் இரும்புத் திருகு என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. நான் எழுந்தால்தான் யாரும் அதைத் திருக முடியும். முதலில் நான் அதை நினைத்து உட்காரவில்லை. ஜீப் சத்தம் கேட்ட பிறகு நினைத்தேன்.

"எழுந்திரு" என்றார் முதலாளி.

"எழுந்திரிக்க மாட்டேன் முதலாளி."

"இன்னா?"

"தூண்டி தண்ணில இருக்குது."

"அந்த மீன் உன் நாக்கையும் சேத்துத் தின்னுடுச்சின்னு இல்ல நெனச்சேன்? பேச வேற செய்யிறியா? எழுந்திருடா!"

"மாட்டேன்."

உட்கார்ந்த இடத்தைவிட்டு நான் நகரவில்லை. முதலாளி சவரிநாதனைப் பார்த்தார். "உன் ஆளுதான? நீ சொல்லுய்யா."

சவரிநாதன் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். முதலாளி ஜீப்பில் சாய்ந்து நின்றார். அவர் இன்னும் துடைத்தார். பிறகு மாட்டிக்கொண்டு, "நான் சொல்ல மாட்டேன் முதலாளி" என்றார். அவ்வளவுதான். எனக்கு ஆதரவாக நீளமாகப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அந்த ஒரு வரி போதுமென்று பிறகு தெரிந்தது.

அதற்குள் கீழ்வயல் ஆட்கள் கரைக்கு ஏறி வந்துவிட்டார்கள். அலமேலு முன்னால் நின்றாள். "அறுப்பு முடியட்டும் முதலாளி. அறுத்த அன்னிக்கு நாங்களே வந்து திருவித் தரோம்" என்றாள்.

"அது வரைக்கும் என் குஞ்ச அது தின்னுக்கினு இருக்குமா?"

"எங்க நெல்ல நாங்க தின்ன வாணாமா?"

முதலாளி கெட்டவர் இல்லை. ஆனால் அத்தனை பேர் முன்னால் தோற்றுப்போக அவருக்கு மனசில்லை. என்னைக் கைகாட்டி, "சரி. அறுப்பு வரைக்கும். அது வரைக்கும் இவன் இந்தக் கல்லுலதான் குந்தியிருக்கணும். மீனு புடிக்காம எழுந்தா அன்னிக்கே தொறப்பேன்" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார். தண்டனையாகத்தான் சொன்னார்.

நான் உட்கார்ந்தேன். விடிந்ததும் வருவேன், பொழுது சாய்ந்ததும் போவேன்; ராத்திரியில் கீழ்வயல் ஆட்கள் திருகுக்குப் பக்கத்தில் வந்து படுப்பார்கள். வெயிலில் கல் தோசைக்கல்லாகக் காயும். ஈரச் சாக்கு போட்டு உட்காருவேன். அலமேலு வீட்டிலிருந்து கூழ் வரும். "அண்ணே, இன்னிக்காவது உங்க கொடுவா கெடச்சிதா, இல்ல ஆசாரிகிட்டதான் போவணுமா?" என்று வயலிலிருந்து கத்துவாள். நானும் திரும்பிக் கத்தப் பழகிக்கொண்டேன்.

ஒருநாள் காலை, பனி இன்னும் தண்ணீர்மேல் நின்றபோது, தகட்டை வீசினேன். இரண்டு சுற்று சுற்றுவதற்குள் கோல் அடிவரைக்கும் வளைந்தது. பிரேக் கத்தியது, ஒரே சீராக. கொடுவாதான். பாறைப் பக்கம் ஓடினான். கோலைப் பக்கவாட்டில் படுக்கவைத்து இழுத்தேன். மெல்லிய கோலாக இருந்தால் அந்த இடத்தில் முடிந்திருக்கும். தலை திரும்பியது. உடனே எழும்பினான். கோல் நுனியைத் தண்ணீர்வரை தாழ்த்தினேன், உதறுவதற்கு இழுவை கிடைக்காதபடி. தடித்த கோல் அவ்வளவு சீக்கிரம் தாழாது, வாய் கிழிந்திருக்கும். மூன்று தடவை எழும்பினான். பிறகு ஓடினான், விட்டேன். நின்றான், சுற்றினேன். கை மரத்துப்போனது, கோல் அசரவில்லை. சவரிநாதன் முட்டியளவு தண்ணீரில் இறங்கிக் கைவலையில் வாங்கினார். வேட்டியெல்லாம் சேறு. "ஒன்பது அடி வாங்காதது நல்லதுதான்" என்றார். அவர் அவ்வளவு பெரிய வார்த்தை சொன்னது அதுதான்.

அன்று மத்தியானம் முதலாளி ஆள் அனுப்பினார். "மீன் வந்துடுச்சில்ல, ஏழுமலைய எழுந்து வரச் சொல்லு. இன்னும் ஒண்ணு ரெண்டு உள்ள இருக்கும், எதுக்கும் மதகத் தொறந்து பாத்துடலாம்" என்றாராம்.

வந்தவனிடம் சொன்னேன்: "அறுப்பு வரைக்கும்னு முதலாளிதான் சொன்னாரு. அறுப்பு முடியலன்னு போய்ச் சொல்லு."

கல்லைவிட்டு எழவில்லை. கோலும் அதே கோல்தான். சும்மா இருப்பானேன் என்று, டியூப் தவளையைப் போட்டுத் தாமரை இலைக்கு நடுவிலிருந்து விரால்களை எடுத்தேன், வாய் கிழியாமல், தாய்மீன் தொட்டிக்கு. மாவுருண்டையில் கெண்டை எடுத்தேன். கெளுத்தி எடுத்தேன். வேண்டாத குறவையும் வந்தது. தம்பிகளே, ஒரே கோலில் அத்தனை மீனும் பிடித்த கதை இதுதான். வேறு கோலை எடுத்துவர நான் எழுந்துபோயிருந்தால், திரும்பி வருவதற்குள் திருகில் வேறு ஒருவன் கை இருந்திருக்கும்.

சித்திரை வெயிலில் கதிர் பழுத்தது. அறுத்தார்கள். கட்டுக் கட்டாகத் தலையில் வைத்துக் கரைமேல் என்னைத் தாண்டிப் போனார்கள். போகிறவர்கள் எல்லோர் தோளிலும் வைக்கோல் தூசி. கடைசிக் கட்டு அலமேலுவுடையது. கல்லுக்குப் பக்கத்தில் நின்றாள். கட்டை இறக்கவில்லை.

"எழுந்திருங்க அண்ணே" என்றாள்.

எழுந்தேன்.

கீலக வருடம், மாசி மகத்துக்கு மறுநாள் எழுதி முடித்தது.